பொருளாதாரப் பகுதியில் மதிப்பெண்ணை விடாதீர்கள்!

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

• ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935 ஏப்ரல் 1. நாட்டுடைமையானது 1949 ஜனவரி 1. இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

• வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி, ரெப்போ. அது ஏறினால் வீட்டுக்கடன் வட்டியும் ஏறும் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

• ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் மத்திய நிதித்துறைச் செயலரின் கையெழுத்து. மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநருடையது.

• வங்கிகள் நாட்டுடைமை: 1969-ல் 14, 1980-ல் 6.

• அரசியலமைப்புப் பிரிவுகள்: பட்ஜெட் 112, நிதிக்குழு 280.

• வட்டி விகிதங்கள் அடிக்கடி மாறும். தேர்வுக்கு முந்தைய வாரம் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.