காற்றாலை உறங்கும் காலம்

நுழையும்முன்

ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்கள் மழையும் பனியும் கலந்தவை. அம்மாதங்களில் மின்சாரம் நின்றுபோனால், ஒரு வீடு எதைக் கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும்? மடத்துக்குளம் பகுதியை நடுவாக வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனி நோக்கிச் செல்லும் சாலையில், அமராவதி ஆறு பாயும் வளமான பகுதியில் அமைந்த ஊர் மடத்துக்குளம். நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் ஒருபுறம், நூற்பாலைகள் மறுபுறம். அருகிலுள்ள கிருஷ்ணாபுரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் ஊர்தோறும் நின்று தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும். உழவையும் நூலையும் ஒருங்கே நம்பி வாழும் மக்கள் இவர்கள்.

இவ்வட்டாரத்திற்கு இயற்கை அளித்த கொடை மேலைக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விசையுடன் நுழைகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியின் உண்மையை உடுமலை, தாராபுரம் பகுதி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அக்காற்றை நம்பியே இங்குக் காற்றாலைகள் வரிசை வரிசையாக எழுந்தன. வைகாசியில் சுழலத் தொடங்கும் அவற்றின் இறக்கைகள் புரட்டாசி வரை ஓய்வதில்லை. ஐப்பசி பிறந்ததும் காற்றின் திசை மாறும், விசை குறையும். மார்கழிக் காலையில் பனிமூட்டத்தின் நடுவே அசையாமல் நிற்கும் காற்றாலைகளைக் காணலாம். கண்ணுக்கு எதிரே மின்சாரம் விளையும் ஊரில், குளிர்காலம் மட்டும் மின்சாரப் பஞ்சத்திற்கு வழிவிடுவது இவ்வாறுதான்.

இருள் சூழ்ந்த ஆண்டு

2008ஆம் ஆண்டு முதலே தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை தலைகாட்டத் தொடங்கியது. 2012ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அது உச்சத்தைத் தொட்டது. சென்னை தவிர்த்த மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தையும் தாண்டி மின்தடை நீடித்த நாள்கள் உண்டு. காற்றாலை மின்சாரம் பருவம் முடிந்து குறைந்தது ஒரு காரணம். தேவைக்கு ஏற்பப் புதிய மின்நிலையங்கள் உரிய காலத்தில் நிறைவுபெறாதது மற்றொரு காரணம். வடமாநிலங்களில் மின்சாரம் கிடைத்தாலும் அதைத் தெற்கே கொண்டுவரப் போதிய மின்தடம் இல்லாதது மூன்றாவது காரணம். தென்மண்டல மின்கட்டமைப்பு நாட்டின் பிற மண்டலங்களுடன் ஒத்திசைவாக இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31 அன்றுதான். ராய்ச்சூர் – சோலாப்பூர் உயர்மின்னழுத்தப் பாதையே அவ்விணைப்பை நிகழ்த்தியது.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு இக்காலம் பெருஞ்சோதனையாக அமைந்தது. மேலைநாடுகளின் கோடைக்குரிய பருத்தி ஆடைகள் பெரும்பாலும் நம் குளிர்கால மாதங்களில்தான் தைத்து அனுப்பப்படுகின்றன. குறித்த நாளில் கப்பல் ஏறாத சரக்கு மதிப்பிழந்த சரக்கு. பெரிய பனியன் கம்பெனிகள் ஜெனரேட்டரை நம்பின. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரை யூனிட் மின்சாரமே கிடைக்கும் என்பதால், அம்மின்சாரத்தின் அடக்கவிலை மின்வாரியக் கட்டணத்தை வெகுவாக விஞ்சியது. ஜெனரேட்டர் வாங்க வழியில்லாமல், வீட்டுத் திண்ணையில் ஒன்றிரண்டு தையல் இயந்திரங்களை வைத்துக் கூலிக்குத் தைத்தோரின் நிலையோ இன்னும் கடினம். மின்சாரம் வரும் நேரமே அவர்களுக்குப் பகல் ஆயிற்று. நள்ளிரவு ஒரு மணிக்கு விளக்கெரிந்தால் எழுந்து தைத்தார்கள், அணைந்தால் படுத்தார்கள். பொதுத்தேர்வுக்குப் படித்த பிள்ளைகளும் அவ்வாறே படித்தார்கள்.

பழைய வீட்டின் ஏற்பாடு

குளிர்காலத்திற்கு வீட்டை ஆயத்தம் செய்வது தமிழருக்குப் புதியதன்று. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த முன்னோர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும் வகுத்தனர். பத்துப்பாட்டில் ஒன்றான, நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, மழைக்குளிரில் ஒரு நகரம் தன் வாழ்வை மாற்றிக்கொள்ளும் முறையை நுட்பமாகக் காட்டுகிறது. வெள்ளத்திற்கு அஞ்சிய கோவலர் ஆநிரையை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். கோடையில் பயன்பட்ட விசிறி மூலையில் தொங்குகிறது. குளிர்ந்த நீரை எவரும் நாடுவதில்லை. தீ மூட்டிய தடாவைச் சூழ்ந்து அமர்கின்றனர். பருவம் மாறியதும் பொருள்களின் பயன் மாறுகிறது என்பதை அவ்வீடுகள் அறிந்திருந்தன.

கொங்குநாட்டு உழவர் வீடுகளும் அத்தகையனவே. தொம்பையில் தானியம், அடுக்குப்பானையில் பருப்பும் புளியும், பரண்மேல் காய்ந்த விறகு, புறக்கடையில் ஆட்டுக்கல், மாடத்தில் சிம்னி விளக்கு, தோட்டத்தில் கவலை பூட்டிய கிணறு என்று அவ்வீடு பத்து நாள் மழையையும் பொருட்படுத்தாது நின்றது. அவ்வாழ்வில் உழைப்பு மிகுதி. குறிப்பாகப் பெண்களின் உழைப்பு மிக மிகுதி. ஆட்டுக்கல்லின் முன் கழிந்த காலைப்பொழுதுகளை மீண்டும் வேண்டுவோர் எவரும் இலர். மின்சாரம் அவ்வுழைப்பைக் குறைத்தது. அதே வேளையில் நீர், ஒளி, உணவு, செய்தி ஆகிய நான்கையும் ஒரே கம்பியில் கட்டித் தொங்கவிட்டது. கம்பி அறுந்தால் நான்கும் ஒருசேர நிற்கும்.

கஜா காட்டியது

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் மின்பணியாளர்கள் அங்குச் சென்று, சேற்றில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டனர். அவ்வாறு உழைத்தும் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

உணவையும் உடையையும் வெளியூரார் லாரிகளில் கொண்டுவந்து தந்தனர். ஊருக்குள் மக்கள் முதலில் தேடியதோ தண்ணீரை. நிலத்தடியில் நீர் நிறைந்திருந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதை மேலே ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டர் ஒன்றை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகச் சென்று மோட்டாரை இயக்கித் தொட்டிகளை நிரப்பிய காட்சி அந்நாள்களில் வழக்கமாயிற்று. கடலோரத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள மடத்துக்குளத்தில் புயலின் நேரடித் தாக்குதல் அரிது. எனினும் மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுவதும், மின்மாற்றி பழுதாவதும், அமராவதியில் வெள்ளம் பெருகுவதும் இங்கும் நிகழக்கூடியனவே. அணையில் நீர் திறக்கப்படும்போது கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. ஓரிரவு மின்தடைக்கும் மூன்று நாள் மின்தடைக்கும் வேண்டிய ஏற்பாடு ஒன்றேபோல் தோன்றினும், அளவில் வேறுபடுகிறது.

நீரும் ஒளியும்

ஐந்து பேர் வாழும் வீட்டில், குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கொண்டால், மூன்று நாளுக்கு அறுபது லிட்டர் நீர் தேவை. பதினைந்து லிட்டர் கொள்ளும் குடங்கள் நான்கு போதும். மழை எச்சரிக்கை வந்த மாலையே அவற்றை நிரப்பி மூடிவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தால் புழங்கும் நீருக்கும் கவலையில்லை. புவியீர்ப்புக்கு மின்சாரம் வேண்டியதில்லை அன்றோ?

ஒளிக்கும் காற்றுக்கும் பல வீடுகளில் இன்வெர்ட்டர் உள்ளது. அதன் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட்டு அறிந்தோர் சிலரே. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள ஒரு மின்கலத்தில் அடங்கும் ஆற்றல் 1800 வாட்-மணி. ஈய-அமில மின்கலத்தை முற்றிலும் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். எனவே பாதியளவாகிய 900 வாட்-மணியையே பயன்படுத்துவது நலம். மின்மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போக ஏறத்தாழ 780 எஞ்சும். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்றும், 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டும் இயங்கினால் மொத்தம் 177 வாட்; மின்கலம் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேல் தாங்கும். அவ்விசிறிகளுக்கு மாற்றாக 30 வாட் அளவுள்ள புதுவகை விசிறிகளைப் பொருத்தினால் ஒன்பது மணி நேரம் வரை நீளும். விசிறியே வேண்டாத மார்கழிக் குளிரில் மூன்று விளக்குகள் மட்டும் எரிந்தால் ஒரு நாளுக்கு மேலும் ஒளி நிற்கும். கொசுக்கள் இக்கணக்கை மதிப்பதில்லை என்பதால், கொசுவலையையும் ஆயத்தப் பொருள்களுள் ஒன்றாகக் கொள்ளல் தகும்.

அதே இன்வெர்ட்டரில் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இயக்க முயல்வது வீண். அம்மோட்டாரின் திறன் 746 வாட். இயங்கத் தொடங்கும் நொடியில் அதைப்போல் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. ஆண்டு முழுவதும் பயன்பாடின்றி மூலையில் கிடக்கும் மின்கலமும் நெருக்கடி நாளில் கைவிடும். வடிநீரின் அளவைப் பார்த்து நிரப்புவதும், முனைகளில் படியும் பச்சைப்பொடியைத் துடைப்பதும் ஐப்பசிக்கு முன்பே செய்ய வேண்டிய பணிகள். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் மின்கலத்தைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

கூரைமேல் கதிரவன்

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம், கூரைமேல் சூரியத்தகடு அமைக்கும் வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வழங்குகிறது. இதனால் சூரிய மின்சாரம் நடுத்தரக் குடும்பங்களையும் எட்டியுள்ளது. ஆயினும் ஒரு தவறான எண்ணம் மக்களிடையே நிலவுகிறது. மின்கட்டமைப்புடன் நேரடியாக இணைக்கப்பட்ட தகடுகள், ஊரில் மின்சாரம் நின்றால் தாமும் நின்றுவிடும். நண்பகல் வெயில் எரித்தாலும் அவ்வீட்டில் விளக்கு எரியாது. பல்லாயிரம் ரூபாய் செலவிட்ட குடும்பத்தினர் முதல் மின்தடையன்று திகைத்து நிற்பது இதனால்தான்.

இது கருவியின் குறையன்று, உயிர்காக்கும் ஏற்பாடு. மின்சாரம் நிறுத்தப்பட்டதென நம்பிக் கம்பத்தின்மீது ஏறிய பணியாளரை, ஒரு வீட்டுக் கூரையிலிருந்து பாயும் மின்சாரம் கொன்றுவிடக்கூடும் என்பதாலேயே இவ்வாறு வடிவமைத்துள்ளனர். மின்தடையின்போதும் ஒளி வேண்டுவோர், மின்கலத்துடன் இணைந்து இயங்கும் கலப்பு இன்வெர்ட்டரை நிறுவுதல் வேண்டும். அதற்குச் செலவு கூடும். மேகம் மூடிய நாள்களில் தகடுகளின் விளைச்சல் வெகுவாகக் குறைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கம்பத்தின்மேல் ஓர் உயிர்

சூரியத்தகட்டில் தானாக அமைந்துள்ள இக்காப்பு, வீட்டு ஜெனரேட்டரில் இல்லை. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரின் கம்பியை அவசரத்தில் வீட்டின் ஏதேனும் ஒரு பிளக்கில் செருகி இயக்குவோர் உளர். அம்மின்சாரம் வீட்டு மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்குச் செல்லும். அங்கிருந்து மின்மாற்றிக்குள் பின்வழியாக நுழையும். 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றவாறு குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, எதிர்த்திசையில் 230 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும். மழையில் நனைந்தவாறு கம்பியைச் சீர்செய்துகொண்டிருக்கும் பணியாளர் அதைத் தொடுவார். மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டர் இணைப்பும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாதவாறு பிரிக்கும் ‘சேஞ்ச் ஓவர்’ சுவிட்சின் விலை, அதைப் பொருத்தும் எலெக்ட்ரீஷியனின் கூலி ஆகியன இவ்விழப்போடு ஒப்பிடத்தக்கனவல்ல.

ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ மூடிய வராந்தாவிலோ இயக்குதலும் கேடு. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. மழைக்கு அஞ்சிக் கதவடைத்து உறங்குவோர் விழித்தெழாமலே போகக்கூடும். அறைக்குள் கரியடுப்பு மூட்டிக் குளிர்காய்வோருக்கும் இவ்வபாயம் பொருந்தும்.

மருந்துகளுள் இன்சுலினுக்குத் தனிக்கவனம் தேவை. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உள்ளே குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல், ஈரமணலில் வைத்த மண்பானையினுள் நீர் புகாத உறையிட்டு மருந்தை வைக்கலாம். சுவாசக்கருவியை நம்பியுள்ள முதியோர் இருக்கும் வீடு, மின்கலத்தை முதலில் அக்கருவிக்கென ஒதுக்குதல் வேண்டும். தொலைக்காட்சிக்குரிய முறை அதன் பின்னரே. மின்தடை, அறுந்த கம்பி குறித்த புகார்களை மின்னகத்தின் 94987 94987 என்னும் எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம். அதற்கு ஒரு கைப்பேசியிலேனும் மின்னேற்றம் எஞ்சியிருக்க வேண்டும். பொத்தான்களுள்ள பழைய கைப்பேசியைத் தூக்கி எறியாத பாட்டிகள் இவ்வகையில் முன்யோசனை மிக்கவர்கள்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் மின்கல அளவையும், மின்தடையின்போது இயங்கும் கருவிகளின் வாட் அளவையும் குறித்துக்கொண்டு, அது எத்தனை மணி நேரம் தாங்கும் எனக் கணக்கிடுக. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டினர், 2012ஆம் ஆண்டின் மின்தடைக் காலத்தைக் குடும்பத்தினர் எவ்வாறு கடந்தனர் எனக் கேட்டு எழுதுக.

உங்கள் பகுதியில் பணியாற்றும் மின்பணியாளர் ஒருவரைச் சந்தித்து, கம்பத்தில் ஏறுமுன் அவர் மேற்கொள்ளும் பாதுகாப்பு நடவடிக்கைகளைக் கேட்டறிந்து, உரையாடல் வடிவில் வகுப்பறையில் வழங்குக.