முதுகெலும்புக்கு உணவு எது?

நாளைக் காலையில் படுக்கையை விட்டு எழுந்தவுடன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெறுங்காலுடன் சுவரையொட்டி நிமிர்ந்து நில்லுங்கள். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரைத் தொடட்டும். தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்து, அதன் அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடும்படி தம்பியிடமோ தங்கையிடமோ சொல்லுங்கள். அன்று இரவு படுக்கப் போகுமுன் அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் அளந்து பாருங்கள்.

இரவில் போட்ட கோடு, காலையில் போட்ட கோட்டைவிடச் சற்றுக் கீழே இருக்கும். சிலருக்கு வேறுபாடு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். பகலில் நாம் சிறிது குள்ளமாகிறோம். இரவில் தூங்கும்போது இழந்த உயரத்தைத் திரும்பப் பெறுகிறோம். வியப்பாக இருக்கிறதல்லவா? இதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால், முதுகைப் பேணும் வழியும் தானாகவே விளங்கிவிடும்.

எலும்பும் வட்டும்

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. பல முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண். குழந்தைப் பருவத்தில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5. இந்த 24-ம் தனித்தனியே அசையக் கூடியவை. அவற்றின் கீழேயுள்ள 9 எலும்புகள் நாம் வளர வளர ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் 7 முள்ளெலும்புகள்தாம் இருக்கின்றன என்பது சுவையான செய்தி!

இந்தத் தூணின் உள்ளே செல்லும் கால்வாயில் தண்டுவடம் பத்திரமாக வைக்கப்பட்டுள்ளது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் உடலின் பல பகுதிகளுக்கும் கிளம்புகின்றன.

அடுத்தடுத்த முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. இவற்றையே மருத்துவர்கள் 'டிஸ்க்' என்கிறார்கள். மொத்தம் 23 வட்டுகள். ஒவ்வொரு வட்டின் வெளிப்பகுதியும் வெங்காயத்தோல்போல் அடுக்கடுக்கான நார் வளையங்களால் ஆனது. நடுவில் கூழ் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. இளமையில் இந்தக் கூழின் பெரும்பகுதி தண்ணீரே.

பகலெல்லாம் நிற்கிறோம், உட்காருகிறோம், சுமக்கிறோம். அந்தப் பளுவால் வட்டுகளிலிருந்து நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறுகிறது, வட்டுகள் மெலிகின்றன. இரவில் படுத்ததும் பளு குறைகிறது. வட்டுகள் நீரை மீண்டும் உறிஞ்சி உப்புகின்றன. சுவரில் நீங்கள் போட்ட இரண்டு கோடுகளுக்கும் இதுதான் விளக்கம். எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள் 3 சதவீதம் வரை கூட உயரமாகிவிடுகிறார்கள். பூமிக்குத் திரும்பியதும் பழைய உயரத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

இரத்தம் எட்டாத இடம்

உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்கு உணவும் ஆக்சிஜனும் இரத்தக் குழாய்கள் வழியே நேராக வந்து சேருகின்றன. ஆனால் வளர்ந்த மனிதனின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளின் இரத்தத்திலிருந்து சத்துகள் மெல்ல ஊடுருவித்தான் வட்டின் நடுப்பகுதியை அடைய வேண்டும். பளு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்போது வட்டிலிருந்து நீர் போவதும் வருவதுமாக இருக்கிறது. நனைந்த பஞ்சை அழுத்தி, பிறகு விட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அது போலத்தான். இந்தப் போக்குவரத்துக்கு நம் அசைவு பெருந்துணையாகிறது. நடை, ஓட்டம், விளையாட்டு, படுக்கை, ஓய்வு இவை மாறி மாறி வருவதே வட்டுக்கு நல்வாழ்வு. ஒரே நிலையில் மணிக்கணக்காக அசையாமல் இருப்பதுதான் அதற்கு ஒவ்வாது.

ஆகவே 'முதுகெலும்புக்கு உணவு எது?' என்ற நம் கேள்விக்கு 'அசைவு' என்று விடை சொல்லலாம்.

அழுத்தத்தை அளந்தவர்கள்

வட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் ஊசி முனை கொண்டு அளந்தார். பின்னர் 1999-இல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்கே என்பவரும் அவருடைய குழுவினரும், தாமாக முன்வந்த ஒருவருடைய கீழ்முதுகு வட்டில் ஒரு சிறு அளவுக்கருவியைப் பொருத்தி, ஒரு நாள் முழுவதும் அளந்து பார்த்தனர். வளிமண்டல அழுத்தத்தை 1 என்று கொண்டால், அவர்களுக்குக் கிடைத்த அளவுகள் சுமாராக இவை:

மல்லாந்து படுத்திருக்கும்போது – 1
நிற்கும்போது – 5
சாய்மானமின்றி உட்கார்ந்திருக்கும்போது – 4.6
20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடிக்கும்போது – 11
முழங்காலை மடக்கி 20 கிலோவைத் தூக்கும்போது – 17
முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது – 23

இவை ஒரே மனிதரிடம் எடுத்த அளவுகள் என்பதை மறக்கக் கூடாது. எனினும் இதில் ஒரு பாடம் உண்டு. உட்காரும்போது அழுத்தம் மிகுதி, நிற்கும்போது குறைவு என்று நாக்கெம்சன் கண்டிருந்தார். பிந்தைய அளவுகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அறிவியல் இப்படித்தான் தன்னைத் தானே திருத்திக்கொண்டு முன்னேறுகிறது.

குடமும் நெம்புகோலும்

முதுகை வளைத்துத் தூக்கினால் அழுத்தம் ஏன் கூடுகிறது? இயற்பியல் வகுப்பில் படித்த நெம்புகோலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கீழ்முதுகு வட்டுதான் ஆதாரப்புள்ளி. முன்புறம் பளு, பின்புறம் முதுகுத் தசை. தசையின் விசை ஆதாரப்புள்ளியிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில் மட்டுமே செயல்படுகிறது.

15 லிட்டர் நீர் நிறைந்த குடத்தைக் கையை நீட்டி 40 செ.மீ. தொலைவில் தூக்குகிறீர்கள் என்று கொள்வோம். தசை தர வேண்டிய விசை = 15 × 40 ÷ 5 = 120 கிலோ எடைக்குச் சமம்! அதே குடத்தை 20 செ.மீ. அருகில் கொண்டுவந்தால் 60 கிலோதான். குடத்தின் எடையையும் நம் மேலுடம்பின் எடையையும் இதில் சேர்க்கவில்லை. குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கும் நம் பெண்கள் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய உடம்புக்கு அது தெரிந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பளுவைக் கண்டாலே அஞ்ச வேண்டாம். படிப்படியாகப் பழகினால் எலும்பும் தசையும் வலுப்பெறும். திடீரென்று, பழக்கமில்லாமல், உடம்பைத் திருகிக்கொண்டு தூக்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கையால் செய்யும் சிகிச்சை

முதுகைப் பற்றிப் பேசும்போது 'கைரோபிராக்டிக்' என்னும் சிகிச்சை முறையைப் பற்றியும் அறிந்துகொள்வது நல்லது. கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்பது இதன் பொருள். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் இதைத் தொடங்கினார். காது கேளாத ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகில் ஒரு முள்ளெலும்பை அழுத்திச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டதாகப் பால்மர் கூறினார். முள்ளெலும்புகள் இடம் பெயர்வதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை.

இக்கொள்கையை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. கேட்டல் நரம்பு காதிலிருந்து நேரே மூளைக்குச் செல்கிறது. முதுகெலும்பின் வழியே அது செல்வதே இல்லை. அழுத்தும்போது எழும் 'சொடக்கு' ஓசையும், எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் ஓசையன்று. மூட்டுகளில் உள்ள திரவத்தில் திடீரென அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி தோன்றுகிறது. விரல் மூட்டில் இப்படி நிகழ்வதை 2015-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்தே காட்டினார்கள்.

அப்படியானால் இம்முறையால் பயனே இல்லையா? அப்படியும் சொல்வதற்கில்லை. பெரியவர்களின் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில், உடற்பயிற்சியோடு, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சையும் ஒரு வழியாக இடம்பெற்றுள்ளது. ஆனால் அதன் பயன் ஓரளவே. இன்று நன்கு பயின்ற கைரோபிராக்டர்கள் பலர் அசைவு, உடற்பயிற்சி, நல்ல தூக்கம் ஆகியவற்றையும் வலியுறுத்துகிறார்கள். வலி வராமல் காப்பதில் நம் பங்கே பெரிது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. முடி வெட்டும் கடைகளில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கி விடும் வழக்கம் உண்டு. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளில் உள்ள துளைகளின் வழியேதான் மேலே போகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருகும்போது, அரிதாக, அத்தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் பெருந்தீங்கு. யாராவது உங்கள் கழுத்தைச் சொடுக்க வந்தால், 'வேண்டாம்' என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அன்றாடம் நாம் செய்யத்தக்கவை

1. படிக்கும்போது அரை மணிக்கு ஒரு முறை எழுந்து சிறிது நடந்து வாருங்கள். எவ்வளவு நல்ல நிலையில் உட்கார்ந்தாலும் நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் முதுகு சோர்ந்துவிடும்.

2. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால் அவ்வப்போது காலை மாற்றுங்கள். புத்தகத்தை ஒரு சிறு பலகைமேல் உயர்த்தி வையுங்கள். கைபேசியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவாருங்கள். கண்ணை அதனிடம் கொண்டுபோகாதீர்கள்.

3. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாடுங்கள். கபடி, நீச்சல், சைக்கிள், வேக நடை எதுவானாலும் சரி.

4. பள்ளிப்பையின் எடை உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020-இல் இந்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை கூறியது. 45 கிலோ எடையுள்ள மாணவருக்கு 4.5 கிலோ. பையை இரு தோளிலும் மாட்டி, முதுகோடு ஒட்டியிருக்குமாறு வாரை இறுக்குங்கள்.

5. போதிய நேரம் தூங்குங்கள். வட்டுகள் நீரைத் திரும்பப் பெறுவது அப்போதுதான்.

6. சாதாரண முதுகு வலி வந்தால் படுத்தே கிடக்காதீர்கள். முடிந்த அளவு நடமாடுங்கள். நீண்ட படுக்கை வலியை நீட்டிக்கும்.

ஆனால் கீழே விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு கூடிய வலி, இரவில் தூங்கவிடாத வலி, கால் மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல், சிறுநீரை அடக்க முடியாமை இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முன்புறம் குனிந்து நிற்கும்போது முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் பருவத்தில் சிலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. அது பையின் குற்றமன்று. ஆனால் விரைவில் கண்டுபிடித்தால் சரியான கவனிப்புத் தர முடியும்.

2020-இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. வலி வந்தபின் அதை நீக்கும் வழிகளைத் தேடி அலைபவர்கள் பலர். உங்களுக்கோ இன்னும் காலம் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்க எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள்? சரி, இப்போது எழுந்து நில்லுங்கள். நாலடி நடந்துவிட்டு வந்து கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. ஒரு வாரம் நாள்தோறும் காலையிலும் இரவிலும் உங்கள் உயரத்தை அளந்து அட்டவணையிடுக. ஓடியாடிய நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் வேறுபாடு உண்டா?

2. 10 கிலோ அரிசி மூட்டையை வட்டிலிருந்து 50 செ.மீ., 25 செ.மீ. தொலைவுகளில் தூக்கும்போது முதுகுத் தசை தரவேண்டிய விசையைக் கணக்கிடுக.

3. உங்கள் வகுப்பில் பத்துப் பேரின் எடையையும் அவர்களுடைய பைகளின் எடையையும் நிறுத்துப் பார்க்க. எத்தனை பைகள் 10 சதவீத வரம்பைத் தாண்டுகின்றன?