சரக்கு வேனில் 'டிக் டிக்' சத்தமா? கேஸ்கட்டைக் கவனியுங்கள்

மளிகைக் கடைக்காரர் பலரிடம் இன்றும் மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. 1984-ல் வெளிவந்து 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. பின் இருக்கையைக் கழற்றிவிட்டால் ஒரு நடைக்குப் பத்து மூட்டை ஏற்றலாம். ஆனால் இதன் இன்ஜின் இருப்பது முன் இருக்கைகளுக்கு அடியில் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்ஜினிலிருந்து கசியும் எதுவும் ஓட்டுநரின் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில்தான் கசிகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடை ஓட்டுநர் தினமும் மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் தலைவலி என்று உட்கார்ந்துவிடுவார். தூக்கம் போதவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். வேறு வேலையாக வண்டியைப் பார்த்த ஒரு மெக்கானிக்தான், எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் ஓரத்தில் கரி படிந்திருப்பதைக் காட்டினார். கேஸ்கட்டு ஊதிப் போயிருந்தது.

இன்ஜின் தலைப்பகுதியிலிருந்து எரிந்த புகையைச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயே மேனிஃபோல்டு. இரண்டும் சேரும் இடத்தில் உள்ள மெல்லிய தகடு கேஸ்கட்டு. தலைப்பகுதி அலுமினியம், குழாய் இரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, நடுவிலுள்ள தகட்டைத் தேய்க்கின்றன. நட்டும் சிறிது சிறிதாக இளகும். கடைக்குக் கடை நின்று நின்று ஓடும் சரக்கு வண்டிக்கு இது அதிகம்.

கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போய் உயிரையே எடுத்துவிடும். விடியற்காலை மார்க்கெட்டில் முறை வரும்வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கும் பையன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நல்ல வண்டியிலேயே அது கூடாது. கசியும் வண்டியில் கேட்கவே வேண்டாம்.

காலையில் ஆறிய வண்டியைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடேறியதும் குறைந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். உலோகம் விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் குறைகிறது; கோளாறு சரியாகிவிட்டது என்று பொருளல்ல. ஆறிய இன்ஜினில் சைலன்சர் வாய் வழியாக மெல்லக் காற்றைச் செலுத்தி, கேஸ்கட்டு ஓரத்தில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிகளில் இன்னொரு நஷ்டமும் உண்டு. கசியும் வழியாக வெளிக்காற்று உள்ளே போக, பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் வீணாகப் பெட்ரோலைக் கூட்டும்.

புதுக் கேஸ்கட்டு போட்டும் மூன்று மாதத்தில் மீண்டும் கசிகிறது என்று சொல்பவர்கள் பலர். எங்களுக்கும் அப்படியே ஆயிற்று. குறை பெரும்பாலும் தகட்டில் இருப்பதில்லை, பொருத்துவதில்தான். நட்டைக் கழற்றுவதற்கு முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்கச் சொல்லுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட்டு உள்ளேயே முறியும். அதை எடுக்கும் கூலி கேஸ்கட்டு விலையைப் போலப் பல மடங்கு. பழைய தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஆகையால் நனைத்துச் சுரண்ட வேண்டும். உலரத் தேய்த்துத் தூளை ஊதக் கூடாது. பிறகு மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து வளைவு பார்க்க வேண்டும். வளைந்த முகத்தில் எந்தத் தகடும் நிற்காது. லேத்துப் பட்டறையில் முகம் சீவித்தான் ஆக வேண்டும். பல பட்டறைகளில் இந்த ஒரு வேலையைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

பழைய தகட்டைத் திரும்பப் போடுவதும், சிலிகான் பசையை அப்புவதும் வேண்டாம். பசை அந்தச் சூட்டில் கருகும், சென்சாரையும் கெடுக்கும். நட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றில், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். ஓரத்தை முதலில் இறுக்கினால் நடுவில் தகடு சரியாக உட்காராது. எங்கள் வண்டியில் முதல் முறை நடந்தது இதுதான்.

சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களையும் பாருங்கள். சில ரூபாய்ச் சாமான். அது அறுந்தால் சைலன்சரின் பாரமும் ஆட்டமும் மேனிஃபோல்டின் மேல் விழும். ஓடிவந்த சூட்டோடு வாட்டர் சர்வீஸுக்கு விட்டு இன்ஜினில் தண்ணீர் அடிக்கவும் கூடாது. சூடான வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

புதுத் தகடு போட்ட வண்டியை ஒரு நாள் ஓட்டி, இரவு நன்றாக ஆறவிட்டு, மறுநாள் காலை அதே பட்டறையில் நட்டுகளை ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலைதான். கூலி கொடுக்கும்போதே இதையும் பேசி முடித்துக்கொள்வது நல்லது. அப்புறம் கேட்டால் வர மாட்டார்கள்.