ஸ்கவுட் ஆட்டம்: சுடாமல் ஜெயிப்பது எப்படி?

"இந்த வயதில் துப்பாக்கி விளையாட்டா?" என்று சிரிக்கிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேலை நிமித்தமாக வேறு ஊரில் இருக்கும் என் மகளும், என் மைத்துனரின் பிள்ளைகளும் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குக் கணிப்பொறியில் கூடி ஆடுவது வழக்கம். ஒரு நாள் அணியில் ஆள் குறைந்தது. "அப்பா, சும்மா நின்னாப் போதும், வாங்க" என்றாள். போனேன். சும்மா நிற்கவும் எனக்குத் தெரியவில்லை என்பது ஐந்தே நிமிடத்தில் புரிந்தது.

அதன் பிறகு படிப்படியாகக் கற்றுக்கொண்டதைப் பாடமாக எழுதித் தருகிறேன். ஆட விரும்புகிறவர்களுக்கும், பிள்ளைகள் அடைத்த கதவுக்குள் என்னதான் செய்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் பயன்படலாம்.

விளையாட்டு எது?

பெயர் டீம் ஃபோர்ட்ரஸ் 2. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2007 அக்டோபரில் வெளியிட்டது. 2011 முதல் இலவசம். இதன் மூலம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1996-இல் ராபின் வாக்கர், ஜான் குக் முதலிய இளைஞர்கள் குவேக் என்ற விளையாட்டின் மேல் தாங்களாகவே கட்டிய ஆட்டம் அது. பிறகு வாக்கரும் குக்கும் வால்விலேயே சேர்ந்தார்கள்.

சிவப்பு, நீலம் என்று இரண்டு அணிகள். ஒவ்வொரு அணியிலும் ஒன்பது வகை வீரர்கள். ஹெவி என்ற பருத்த ஆளுக்கு உயிர்ப்புள்ளி 300. சோல்ஜருக்கு 200. ஸ்கவுட்டுக்கு வெறும் 125. சோல்ஜரின் ராக்கெட் நேராக இரண்டு பட்டால் ஸ்கவுட்டின் கதை முடிந்தது. ஆனால் ஸ்கவுட் நொடிக்கு 400 அலகு ஓடுகிறான், ஹெவிக்கு 230 தான். போதாததற்கு ஸ்கவுட் அந்தரத்திலேயே இரண்டாம் முறை எம்பிக் குதிப்பான்.

ஆக, கவசம் இல்லாதவனுக்குக் காலே கவசம். இதை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். வேகம் இருக்கிறதே என்று எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய், எல்லோருக்கும் முன்னால் செத்தேன். வேகம் என்பது எதிரியை நோக்கி ஓடுவதற்கு அல்ல, எதிரி பார்க்காத இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதற்கு. இந்த ஒரு வரி விளங்க எனக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று.

பாடம் 1: முதலில் காத்திருங்கள்

மணி அடித்தவுடன் கிளம்பாதீர்கள். எதிரணியின் கண்கள் அப்போது எல்லா வாசலிலும் இருக்கும். உங்கள் அணியின் ஹெவியும் சோல்ஜரும் முன்வாசலில் சண்டையைத் தொடங்கட்டும். வெடிச்சத்தம் கேட்ட பக்கம்தான் மனிதர்கள் திரும்புவார்கள். அவர்கள் திரும்பிய பிறகு நீங்கள் பக்கவழியில் நுழையுங்கள். பத்து நொடி பொறுத்தால் பாதி வேலை முடிந்தது.

பாடம் 2: வழியை மனப்பாடம் செய்யுங்கள்

டூஃபோர்ட் என்ற களத்தை எடுத்துக்கொள்வோம். எதிரெதிராக இரண்டு கோட்டைகள், நடுவில் அகழி, அதன் மேல் கூரை போட்ட பாலம். ஒவ்வொரு கோட்டையின் அடித்தளத்திலும் ஒரு ரகசியப் பெட்டி. எதிரியின் பெட்டியை எடுத்து வந்து நம் அடித்தளத்தில் சேர்க்க வேண்டும். மூன்று முறை சேர்த்தால் வெற்றி.

பாலத்தின் மேல் ஓடினால் எதிர்க்கோட்டை மாடத்தில் நிற்கும் ஸ்னைப்பர் தலையில் சுடுவான். அந்த அடி 150, உங்களிடம் இருப்பது 125, கணக்கு நேர்! ஆகவே அகழித் தண்ணீரில் இறங்கி, சாக்கடைச் சுரங்கம் வழியாக உள்ளே போக வேண்டும். மற்றொரு வழி, பாலத்தின் கூரை மேல் ஏறி அங்கிருந்து மாடத்துக்கு இரட்டைத் தாவலில் போவது. தலைக்கு மேலே பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை என்பது ஸ்கவுட்டுக்குக் கிடைத்த வரம்.

ஆள் இல்லாத நேரத்தில் தனியாக நுழைந்து, கண்ணை மூடினாலும் வழி தெரிகிற அளவுக்கு நடந்து பழகுங்கள். நம் தெருவில் மின்சாரம் போனால் நாம் வீடு போய்ச் சேர்வதில்லையா? அப்படி.

பாடம் 3: காது கொடுங்கள்

ஹெட்ஃபோன் இல்லாமல் இந்த ஆட்டம் ஆடாதீர்கள். காலடி ஓசை எந்தப் பக்கம் என்று காதில் தெரியும். என்ஜினீயர் வைக்கும் சென்ட்ரி என்ற தானியங்கித் துப்பாக்கி 'பீப்' என்று ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கும். 1100 அலகு தூரத்துக்குள், மறைவில்லாமல் தெரிந்தால் அது உங்களைச் சுடும். அதற்குக் கவனக்குறைவு கிடையாது, தூக்கமும் கிடையாது. பீப் கேட்டால் மூலையில் நில்லுங்கள், திரும்புங்கள். வேறு வழி பாருங்கள்.

உங்கள் ஓசையும் அவர்களுக்குக் கேட்கும் என்பதை மறக்கக் கூடாது. அடிபட்டவுடன் "மெடிக்!" என்று கூவும் பொத்தானை நான் பழக்கதோஷத்தில் அழுத்துவேன். எதிரியின் கோட்டைக்குள் நின்றுகொண்டு அப்படிக் கூவினால் அருகில் இருக்கும் எதிரிக்கும் அது கேட்கும். திருடப் போன வீட்டில் தண்ணீர் கேட்ட கதைதான்.

பாடம் 4: சுட்டால் நெருங்கிச் சுடுங்கள்

ஸ்கவுட்டின் துப்பாக்கியில் ஆறு தோட்டா. முகத்துக்கு நேரே சுட்டால் ஒரு வெடிக்கு 105 வரை சேதம். நடுத்தரத் தூரத்தில் 60 அளவு. தொலைவில் அதிலும் பாதி. எனவே தூரத்திலிருந்து சுடுவது, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று எதிரிக்குத் தந்தி கொடுப்பது போல.

யாரைச் சுடுவது? மருத்துவரான மெடிக்குக்கு 150 புள்ளி. நெருங்கிய இரண்டு வெடி போதும். அவர் தம் கருவியை முழுக்க நிரப்பிவிட்டால் தம்மையும் ஒரு கூட்டாளியையும் எட்டு நொடிக்கு யாரும் தொட முடியாதபடி ஆக்கிவிடுவார். அதற்கு முன் அவரை வீழ்த்துவது அணிக்குப் பெரிய உபகாரம். ஹெவியைத் தனியாகச் சந்தித்தால் வீரம் காட்ட வேண்டாம், வந்த வழியே ஓடுங்கள். இரண்டு மூன்று வெடி போட்டதும் இடத்தை மாற்றுங்கள். தோட்டாக்களை ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப முடியும். ஆறும் நிரம்ப மூன்று நொடிக்கு மேல் ஆகும். அந்த மூன்று நொடியில்தான் பெரும்பாலான ஸ்கவுட்டுகள் சாகிறார்கள்.

பாடம் 5: வெளியேறும் வழியை முதலில் பாருங்கள்

பெட்டியைத் தொட்ட அந்தக் கணமே எதிரணி முழுவதற்கும் அறிவிப்பு ஒலிக்கும். போதாக்குறைக்கு, நீங்கள் ஓடும் வழியெல்லாம் பெட்டியிலிருந்து காகிதங்கள் சிதறும். அதாவது ஒளிந்திருந்தது அதோடு முடிந்தது. ஆகவே தொடுவதற்கு முன்பே திரும்பும் வழியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வைக்க வேண்டும். உடம்பில் அடி இருந்தால் வழியில் கிடக்கும் மருந்துப் பொட்டலத்தை முதலில் எடுங்கள். போன வழியிலேயே இரண்டாம் முறை போகாதீர்கள், அங்கே ஆள் காத்திருப்பான்.

நான் செய்த தவறு

ஒரு ஞாயிறு ஆட்டம் 2-2 என்று நின்றது. நான் சாக்கடை வழியாகப் போய்ப் பெட்டியை எடுத்துவிட்டேன். மாடத்துக்கு ஏறினால் எதிரியின் ஸ்னைப்பர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசாமல் குதித்திருக்கலாம். அன்று மாலை முழுவதும் என்னை நான்கு முறை கொன்றவன் அவன்தான். ஆத்திரத்தில் சுட்டேன். முதல் வெடி பாதி தப்பியது. சத்தம் கேட்டு இரண்டு பேர் மாடிப்படியில் ஏறி வந்தார்கள். பெட்டியோடு அங்கேயே விழுந்தேன். கீழே விழுந்த பெட்டி 60 நொடியில் தன் இடத்துக்கே திரும்பிவிடும். எங்கள் ஆள் ஒருவரும் அங்கே வந்து சேர முடியவில்லை. அடுத்த சில நிமிடத்தில் தோற்றோம்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. ஹெட்ஃபோனில் யாரும் பேசவே இல்லை. கடைசியில் என் மகள் மட்டும், "அப்பா, உங்க வேலை பெட்டி. அவன் இல்ல" என்றாள். சின்ன வயதில் பரீட்சைக்கு முன்னால் நான் அவளுக்குச் சொன்ன வார்த்தைதான். தெரிந்த கேள்வியை முதலில் எழுது, கோபம் வந்த கேள்வியோடு மல்லுக்கட்டாதே என்பேன். அது எனக்கே திரும்பி வந்தது.

அடுத்த வாரமும் அதே களம், ஏறக்குறைய அதே நிலைமை. அதே மாதிரி ஒரு முதுகு. இந்த முறை சுடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரைக்குத் தாவினேன். எங்கள் வாசல் வரை வந்து, வாசலிலேயே அடிபட்டு விழுந்தேன். ஆனால் விழுந்த பெட்டியை நம் அணியில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் அல்லவா? மைத்துனரின் இளைய பிள்ளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். ஜெயித்தோம். அந்த ஆட்டத்தில் நான் ஒருவரையும் கொல்லவில்லை. "இன்னைக்கு நீங்க நல்லா ஆடினீங்க" என்றாள் மகள்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

ஆட்டம் இலவசம் என்றாலும், உள்ளே தொப்பி, அலங்காரப் பொருள், பூட்டிய பெட்டிக்குச் சாவி என்று பணம் கேட்கும் இடங்கள் உண்டு. சாவி வாங்கித் திறந்தால் உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். இது லாட்டரிக்கு அடுத்த வீடு. வங்கி அட்டை விவரத்தைப் பிள்ளைகளின் கணக்கில் சேமித்து வைக்க வேண்டாம்.

முன்பின் தெரியாதவர்கள் குரல் வழியே பேச முடியும். கெட்ட வார்த்தையும் காதில் விழும். அவர்களின் குரலை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். சொந்தப் பெயர், பள்ளி, ஊர் எதையும் அங்கே சொல்லக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ஆட்டம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "அதை அணை" என்று வாசலில் நின்று கத்துவதைவிட, "அந்த மெடிக்கை ஏன் விட்டுட்டே?" என்று கேட்டால் பிள்ளை திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லும். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு எங்கள் அணியில் இப்போது எனக்கு நிரந்தர இடம். தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் நீளாத பேச்சு, ஆட்டம் முடிந்த பிறகு பத்தரை வரைக்கும் போகிறது.