பசளையும் அளவும்

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோதும், அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கூட்டெரு இருந்தும் ஏன் இப்படி நேர்ந்தது?

நெல்லுக்கு அதிகம் தேவைப்படும் போசணைகளில் ஒன்று நைதரசன். யூரியாவில் அது 46 சதவீதம் உண்டு. கூட்டெருவில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதமே. ஆகவே 100 கிலோ யூரியா தரும் நைதரசனைப் பெற 2300 முதல் 4600 கிலோ வரை கூட்டெரு வேண்டும். அதுவும் உடனே கிடைக்காது. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் சேதனப் பொருளைச் சிதைத்து அமோனியமாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றிய பின்பே வேர்கள் உறிஞ்சும். மூன்று, நான்கு மாதங்களில் அறுவடையாகும் நெல்லுக்கு அந்த அவகாசம் இல்லை.

இதனால் கூட்டெரு வீண் என்றாகாது. அது மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டும். யூரியாவால் அது இயலாது. யூரியா மிகுந்தாலும் கேடுதான். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அல்லாஹ் ஒவ்வொன்றையும் அளவோடு படைத்தான் என்று நம்புகிறோம். வயலிலும் அந்த அளவைப் பேணுவோம். மண்ணைப் பரிசோதித்து, இரண்டு பசளைகளையும் தேவையறிந்து இடுவதே விவசாயிக்கும் நம் சோற்றுக்கும் நல்லது.