கீரனூர்த் தடத்துக்கு எந்த டயர்? கியர் சைக்கிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் கீரனூரை அடைந்து, தார்ச்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் போதும். இறுகிய செம்மண், அதன்மேல் உதிரிச் சரளை, கண்மாய்க்கரை, சீமைக்கருவேலங்காடு, நார்த்தாமலைப் பக்கம் போனால் கருங்கல் பாறை என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். கியர் சைக்கிளை முரட்டுத்தனமாக ஓட்டிப் பழக நல்ல களம். ஆனால் டயர், அளவு, கவசம் பற்றி வாய்வழியாகப் பரவும் பேச்சில் பாதி தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது முட்டியும் மணிக்கட்டும் மண்டையும்தான்.

நம்பிக்கை: "டயர் பட்டன் பெருசா இருந்தா எந்த மண்ணுலயும் பிடிக்கும்."

உண்மை: பெரிய பட்டன் மிருதுவான, ஈரமான மண்ணுக்குள் புதைந்து பிடிக்கும். இங்கே இறுகிய தரையின்மேல் சரளை உருள்கிறது. கேழ்வரகு கொட்டிய சிமெண்டுத் தரையில் நடப்பது போலத்தான். பட்டன் புதைய இடமே இல்லை. கருங்கல் பாறையிலோ உயரமான பட்டன் வளைந்து நெளிந்து பிடியை விட்டுவிடும். இந்தத் தரைக்கு ஏற்றது நடுவில் நெருக்கமான சிறு பட்டன்களும் ஓரத்தில் உறுதியான பட்டன்களும் உள்ள, 2.1 முதல் 2.4 அங்குல அகல டயர். ஃபோர்க்கும் ஃபிரேமும் இடம் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இரண்டில் அதிகம் பிடிக்கும் டயரை முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம்; முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான்.

நம்பிக்கை: "காத்தைக் கெட்டியா அடைச்சா பஞ்சர் ஆகாது, வேகமும் கிடைக்கும்."

உண்மை: டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்சவரம்பு. அந்த அளவுக்கு அடைத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும். எகிறும்போது பிடியும் போகும், வேகமும் போகும். டியூப் உள்ள 2.1 அங்குல டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம். பின்சக்கரத்தில் இரண்டு மூன்று கூட. மிகவும் குறைத்தாலும் ஆபத்து. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு வெட்டு விழும். டியூபில் அப்படி இரட்டை ஓட்டை தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் அடைப்பதைத் தவிர்ப்பது நல்லது. சைக்கிள் டயரில் அது நொடியில் அளவு மீறிவிடும்.

நம்பிக்கை: "டியூப்லெஸ் போட்டா முள்ளுக்குப் பயமில்லை."

உண்மை: உள்ளே ஊற்றும் திரவம் முள் குத்திய சிறு ஓட்டையை அடைத்துவிடும் என்பது சரி. ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் உலரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். கூரான கல் பக்கச்சுவரைக் கிழித்தால் அதனால் அடைக்க முடியாது. அதற்காக ஒரு மாற்று டியூப் கையில் இருக்கட்டும். டியூப் மாற்றும்போது ஒரு வேலையை விடவே கூடாது: ஒரு துணியை மடித்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிப் பாருங்கள். கருவேல முள்ளின் அடி வெளியே ஒடிந்துபோய், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, துணியில் மாட்டும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் பஞ்சர்.

நம்பிக்கை: "26ன்னா எல்லாம் 26தான்."

உண்மை: 26 × 2.10 டயர் உட்காரும் ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். பல லேடீஸ் சைக்கிள்களில் வரும் 26 × 1⅜ டயருக்கு 590. ஒன்று மற்றதில் பொருந்தவே பொருந்தாது. நம் பழைய 28 × 1½ சைக்கிளின் ரிம் 635; பெயரில் பெரியதான 29 அங்குல மலை சைக்கிளின் ரிம்மோ 622தான். ஆகவே கடையில் அங்குலத்தை மட்டும் சொல்லாதீர்கள். டயரில் 54-559 என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். இரண்டாவது எண் ஒத்துப்போக வேண்டும்.

நம்பிக்கை: "பொண்ணுங்களுக்கு பார் இல்லாத சைக்கிள்தான் சரி. வளர்ற பையனுக்கு ஒரு சைஸ் பெருசா வாங்கிடலாம்."

உண்மை: முதல் பேச்சுக்கு இந்தப் புதுக்கோட்டை மாவட்டமே பதில் சொல்லிவிட்டது. 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். குழந்தையை முன்னால் உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அளவைத் தீர்மானிப்பது ஆணா பெண்ணா என்பதல்ல, கால் நீளம். பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், கரடுமுரடான தடத்துக்கு, பாருக்கும் கவட்டைக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சரிவில் இறங்கும்போது சீட்டைத் தாழ்த்திக்கொள்ளலாம். பெரிய சைக்கிளில் ஏறிய பையனுக்கு, தடுமாறும் நொடியில் கால் தரைக்கு எட்டாது. அவனுடைய இன்றைய உயரத்துக்கு வாங்குங்கள்.

நம்பிக்கை: "மோட்டார் பைக் ஹெல்மெட் இருக்கே, அதுவே போதும். கீழே விழுந்தும் விரிசலே விடல."

உண்மை: ஐஎஸ் 4151 முத்திரை மோட்டார் வாகன ஹெல்மெட்டுக்கானது. கனம் அதிகம், காற்றோட்டம் குறைவு. வெயிலில் மிதிப்பவர் பாதி வழியில் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவார். சைக்கிளுக்கு இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி முத்திரை பாருங்கள். தலையைக் காப்பது உள்ளே இருக்கும் தெர்மாகோல் வகை நுரை. அது நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, நசுங்கியது திரும்ப எழாது. வெளியே விரிசல் இல்லாவிட்டாலும் பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, தாடைக்கடியில் இறுக்கமான பட்டை: இந்த இரண்டும் இல்லாத ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்காது.

நம்பிக்கை: "கவசமெல்லாம் போட்டிக்குப் போறவங்களுக்கு."

உண்மை: விழும்போது எல்லோருமே கையைத்தான் முதலில் ஊன்றுகிறோம். சரளையில் உள்ளங்கைத் தோல் உரிந்தால் பல நாள் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாது. முழுவிரல் கையுறை, முட்டிக் கவசம், அடிப்பாகம் கெட்டியான ஷூ, கருவேலங்கிளை கண்ணில் குத்தாமல் இருக்க ஒரு கண்ணாடி. இவை அன்றாட ஓட்டத்துக்கே தேவை. செருப்போடு கரட்டில் இறங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரக் கோயில் நிற்கும் பாறை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். எந்த டயரானாலும் அங்கே அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் ஏற வேண்டும்.

கையில் இருக்கும் பணத்துக்கு வரிசை இதுதான்: முதலில் ஹெல்மெட், அடுத்து கையுறையும் முட்டிக் கவசமும், பிறகு நல்ல முன் டயர், மீதி இருந்தால் கூடுதல் கியர். பிள்ளைக்கு 21 கியர் சைக்கிள் வாங்கித் தரத் தயாராக இருக்கும் பெற்றோர், விலையில் கொஞ்சம் குறைந்த சைக்கிளை எடுத்து, மிச்சப்பட்டதில் ஹெல்மெட்டையும் அன்றே வாங்கிக் கொடுங்கள்.