ஜிஎஸ்டி கணக்குக்குத் தனி வீடு

மைசூரு தேவராஜ மொஹல்லாவின் ஊதுபத்தி மொத்தக்கடை ஒன்று மண்டியாவுக்கும் ஈரோட்டுக்கும் சரக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவீத வரி 500. அதே மாநிலத்து மண்டியா பில்லில் மத்திய வரி 250, மாநில வரி 250. தமிழ்நாட்டின் ஈரோட்டு பில்லில் முழுத்தொகையும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான வரி.

ஐபிஎம் 1988-ல் கொண்டுவந்த ஏஎஸ்/400 வழிவந்த கணினிகளில், ஆர்பிஜி மொழியில் எழுதிய பழைய புரோகிராம்கள் இப்படிப்பட்ட கணக்கை பெக்எஸ்ஆர், எண்ட்எஸ்ஆர் இரண்டுக்கும் நடுவே சப்ரூட்டீனாக வைத்திருக்கும். சப்ரூட்டீனுக்குப் பாராமீட்டரும் இல்லை, சொந்த வேரியபிளும் இல்லை. திரும்பிய சரக்கைக் கையாளும் பகுதியில் யாராவது 'தொகை' வேரியபிளில் கைவைத்தால் விற்பனை பில் கெடும். இரண்டையும் வைத்துக்கொள்ளக்கூடிய சப்ப்ரொசீஜரில் அந்தத் தொல்லை குறைவு; சப்ரூட்டீனை அப்படி மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

முதல் வேலை, பழைய சப்ரூட்டீனை அச்செடுத்து அது படிக்கும் வேரியபிள்களை ஒரு நிறத்திலும் மாற்றுகிறவற்றை இன்னொரு நிறத்திலும் குறிப்பது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பிறகு ராத்திரி கண்விழிக்கிறார்கள். படிப்பவை பாராமீட்டர் ஆகும்: தொகை, விகிதம், விற்கும் மாநிலக் குறியீடு, சரக்கு போய்ச்சேரும் மாநிலக் குறியீடு. கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. மாற்றப்படும் மூன்று வரித்தொகைகளையும் ஒரே டேட்டா ஸ்ட்ரக்சராகத் திருப்பித் தரலாம்.

அடுத்து டிசிஎல்-ப்ராக் எழுதி, அதற்குள் டிசிஎல்-பிஐ வைத்து, பாராமீட்டர்களுக்கு 'கான்ஸ்ட்' போட வேண்டும். வந்த மதிப்பை உள்ளே மாற்ற முயன்றால் கம்பைலரே தடுத்துவிடும். இடைக்கணக்கு வேரியபிள்களையும் உள்ளேயே அறிவிக்க வேண்டும். இரண்டு குறியீடும் ஒன்றானால் வரியைப் பாதியாகப் பிரி, இல்லையேல் ஐஜிஎஸ்டி: ஒரே ஒரு 'இஃப்'.

பைசாவில் கவனம் தேவை. 333.50 ரூபாய்க்கு 2.5 சதவீதம் 8.3375. ஆர்பிஜி தானாக முழுமையாக்காது, வெட்டி 8.33 என்று வைக்கும். ஹாஃப்-அட்ஜஸ்ட் கேட்டால்தான் 8.34 வரும்.

ஒரே புரோகிராமாகக் கம்பைல் செய்யும்போது டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப்புக்கு 'நோ' கொடுக்காவிட்டால் கம்பைல் ஆகாது. பிறகு மண்டியா, ஈரோடு, சரக்குத் திரும்பியது என மூன்று பில்களைப் பழைய புரோகிராமிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிட வேண்டும்.

எல்லாம் பொருந்திய பின், ப்ரொசீஜரை 'நோமெயின்' மாட்யூலுக்கு மாற்றி, 'எக்ஸ்போர்ட்' சேர்த்து, சர்வீஸ் புரோகிராமாக்கலாம். பில்லிங், கணக்குப்பிரிவு இரண்டும் அதையே கூப்பிடும். எக்ஸ்போர்ட் ஆகும் ப்ரொசீஜர்களைப் பட்டியலிடும் பைண்டர் சோர்ஸில் சிக்னேச்சருக்கு நிலையான பெயர் ஒன்று கொடுத்து, பின்னாளில் வரும் ப்ரொசீஜர்களைப் பட்டியலின் கடைசியில் மட்டும் சேர்த்தால், கூப்பிடும் பழைய புரோகிராம்களை மறுபடி பைண்ட் செய்ய வேண்டியிருக்காது.